ஆறு மாதத்துக்கு முன்னம் ஏஐயிடம் என்ன சொன்னீங்கள்? பழைய புரொம்ப்டைத் தேடி எடுக்கிற வழி

(திரை: நெல் ஆலை ஒன்றுக்காக எழுதிய சிறிய கணக்கு மென்பொருள். கோட் பக்கம் திறந்திருக்கு. ஒரு வரிக்கு மட்டும் மஞ்சள் நிறம்.)

வணக்கம்.

மஞ்சள் நிறத்தில் தெரிகிற இந்த வரியைப் பாருங்கோ. நூறிலிருந்து நெல்லின் ஈர வீதத்தைக் கழிக்குது. வருகிறதை 86ஆல் பிரிக்குது. பிறகு நிறையால் பெருக்குது. இதை ஏஐ உதவியோடு எழுதினது ஆறு மாதத்துக்கு முன்னம், மாசியில், காலபோக அறுவடை நேரம். அன்றிலிருந்து பிழையில்லாமல் ஓடுது.

இப்ப சிறுபோக நெல் ஆலைக்கு வரத் தொடங்கிட்டுது. ஆலைக்கார அண்ணை போன் எடுக்கிறார் என்று வைப்போம். "தம்பி, ஈரத்துக்கு நீங்கள் கழிக்கிறது கூடவாக் கிடக்கு எண்டு கமக்காரர் சொல்லினம். என்ன கணக்கில பிடிக்கிறியள்?"

கேள்வி நியாயமானது. ஆனால் கோட்டுக்குள் பதில் இல்லை. அங்கே 86 என்ற எண் மட்டும்தான் இருக்கு. அது ஏன் 86, யார் சொல்லி 86, 85 ஏன் இல்லை என்றெல்லாம் கோட் சொல்லாது. அந்தக் காரணம் ஒரே ஓர் இடத்தில்தான் எழுதப்பட்டிருக்கு: அன்றைக்கு நீங்கள் ஏஐக்கு ரைப் பண்ணின அறிவுறுத்தலில், அதாவது புரொம்ப்டில்.

(திரை: பழைய புரொம்ப்ட். "சபை எடுக்கிற மாதிரி 14 வீத ஈரத்துக்குக் கொண்டுவந்து நிறை கணக்கிடு. வீதத்தை வெறுமனே கழிக்காதே. உலர்ந்த நெல்லின் அளவு மாறக்கூடாது.")

இந்த மூன்று வசனத்திலேயே எல்லாம் இருக்கு. நெல் சந்தைப்படுத்தல் சபை கொள்வனவுக்கு வைத்திருக்கிற ஈர அளவு 14 வீதம். நூறில் 14 போனால் 86. ஒருவர் 18 வீத ஈரத்தோடு 1000 கிலோ நெல் கொண்டுவருகிறார் என்றால், அதில் தண்ணீர் 180 கிலோ, உலர்ந்த பகுதி 820 கிலோ. அந்த 820 கிலோவும் 86 வீதமாக நிற்கவேண்டும் என்றால் மொத்த நிறை 953 கிலோ 500 கிராம் அளவில் வரும். கழிவு 46 கிலோ 500 கிராம். 18இல் 14 போனால் 4, ஆகவே 40 கிலோதான் கழியவேணும் என்று கமக்காரர் மனக்கணக்குப் போட்டிருப்பார். மிச்சம் ஆறரைக் கிலோவுக்குத்தான் அவர் விளக்கம் கேட்கிறார். அதைக் கேட்க அவருக்கு முழு உரிமையும் இருக்கு. விளக்கத்தை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல, அந்தப் பழைய புரொம்ப்ட் உங்கள் கையில் இருக்கவேணும்.

அதை எப்படித் தேடி எடுக்கிறது என்பதுதான் இன்றைய வீடியோ.

(திரை: தலைப்பு)

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். புதிதாக ஓர் உரையாடலைத் திறந்து, "போன போகத்தில் நான் உனக்கு என்ன சொன்னேன்?" என்று ஏஐயிடம் கேட்டுப் பிரயோசனமில்லை. புதிய உரையாடல் பழையதை முழுதாக மனதில் வைத்துக்கொண்டு தொடங்குகிறதில்லை. கேட்டால், தெரிந்த மாதிரி ஒரு காரணத்தைக் கட்டிச் சொன்னாலும் சொல்லும். அதைக் கொண்டுபோய் ஆலையில் சொல்லக்கூடாது.

ஆனால் நீங்கள் எழுதினது உடனே அழிந்துபோகிறதில்லை. டெர்மினலில், அதாவது கட்டளை ரைப் பண்ணுகிற திரையில், ஓடுகிற கோடிங் உதவியாளர்கள் உரையாடலை உங்கள் கணினியிலேயே கோப்பாக எழுதி வைக்குது. ஆகவே தேடுகிறதுக்கு இணையம் தேவையில்லை. டேட்டா முடிந்த நாளிலும் தேடலாம். ஏஐயின் பாவனை அளவிலும் ஒரு துளி குறையாது. மாதக் கடைசியில் டேட்டா பார்த்துப் பார்த்து வேலை செய்கிற எங்களுக்கு இது சின்ன விசயமில்லை.

(திரை: டெர்மினல். கிளோட் கோட் திறக்கிறது.)

ஆகக் குறுக்கு வழி இதுதான். அப்படியான உதவியாளர்களில் ஒன்றான கிளோட் கோட் திறந்திருக்கும்போது கொன்ட்ரோல் விசையோடு ஆர் அழுத்துங்கோ. தேடல் பெட்டி வரும். "ஈர" என்று ரைப் பண்ணுங்கோ. அந்த எழுத்துகள் வருகிற உங்கள் ஆகப் பிந்திய புரொம்ப்ட் தெரியும். திரும்பவும் கொன்ட்ரோல் ஆர் அழுத்த, அதற்கு முந்தியது வரும். லினக்ஸ் பழகின ஆட்களுக்கு இது புதிதில்லை, பாஷ் ஷெல்லில் பழைய கட்டளையைத் தேட அழுத்துகிற அதே விசைதான்.

ஒரு கவனம். தேடினது கிடைத்த சந்தோசத்தில் உடனே என்டர் அழுத்தாதேங்கோ. என்டர் அழுத்தினால் அந்தப் பழைய புரொம்ப்ட் திரும்பவும் ஏஐக்குப் போய் வேலை தொடங்கிவிடும். காலபோகத்தில் "பழைய அட்டவணையை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கு" என்று எழுதியிருந்தீங்கள் என்றால் யோசித்துப் பாருங்கோ. டாப் விசை அழுத்தினால் வசனம் பெட்டிக்குள் வந்து நிற்கும். ஆறுதலாக வாசிக்கலாம். தேவையில்லை என்றால் கொன்ட்ரோல் சி.

இந்த வழி நேற்று, முந்தாநாள் எழுதினதைத் தேட நல்லது. சில மாதம் பழையது என்றால் கோப்புக்கே போகவேணும்.

(திரை: கோப்புறை. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி, பிறகு "கிளோட்".)

உங்கள் பயனர் கோப்புறைக்குள், புள்ளியில் தொடங்கும் கிளோட் என்ற கோப்புறை இருக்கும். விண்டோஸில் நேரடியாகத் தெரியும், லினக்ஸிலும் ஆப்பிளின் மக் கணினியிலும் மறைந்திருக்கும். உள்ளே இரண்டைப் பாருங்கோ. ஒன்று ஹிஸ்ட்ரி என்ற கோப்பு. இன்னொன்று புரொஜெக்ட்ஸ் என்ற கோப்புறை.

ஹிஸ்ட்ரி கோப்பில் நீங்கள் ரைப் பண்ணினது மட்டும் இருக்கும். ஒரு வரிக்கு ஒரு புரொம்ப்ட். பக்கத்தில் நேரமும், எந்தப் புரொஜெக்டில் இருந்து எழுதினது என்பதும் இருக்கும். ஏஐ சொன்ன பதில் ஒன்றும் இல்லை. ஆகவே தேடத் தொடங்க நல்ல இடம் இதுதான். ஒரு குறை உண்டு: நீங்கள் எங்கேயாவது இருந்து பிரதி எடுத்து ஒட்டின நீளமான பந்திகள் இதில் ரைப் பண்ணின வசனத்தோடு சேர்ந்து தெரியாது. "ஒட்டிய பந்தி, இத்தனை வரி" என்ற ஒரு குறிப்புத்தான் அந்த இடத்தில் நிற்கும். ஆலைக்கார அண்ணை வைபரில் அனுப்பின செய்தியை அப்படியே ஒட்டியிருந்தால், அதற்குள் இருக்கிற சொல்லைத் தேடி இங்கே ஏமாறக்கூடும். அதற்கு முழு உரையாடல் கோப்புத்தான் வேணும்.

அவை புரொஜெக்ட்ஸ் கோப்புறைக்குள் இருக்கு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோப்புறை, பெயரில் முழுப் பாதையும் இருக்கும், ஆங்கில எழுத்தும் எண்ணும் தவிர்ந்த எல்லாம், சரிவுக்கோடும் தமிழ் எழுத்தும் கூட, சிறு கோடாக மாறியிருக்கும். இதில் ஒரு சிக்கல் அடிக்கடி வருது. ஆங்கில எழுத்தில் "மில்" என்று இருந்த கோப்புறையை நீங்கள் "மில் நியூ" என்று பெயர் மாற்றியிருந்தால், பழைய உரையாடல்கள் பழைய பெயரிலேயே இருந்துவிடும். பழைய உரையாடலைத் தொடருகிற ரெஸ்யூம் கட்டளை கொடுத்தாலும் சாதாரணமாகப் பட்டியலில் வராது. தொலைந்துபோய்விட்டது என்று நினைக்காதேங்கோ. பழைய பெயரில் தேடுங்கோ.

வேறு கருவி பாவிக்கிற ஆட்களுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். கோடெக்ஸ் என்றால் அதன் பெயரிலேயே புள்ளிக் கோப்புறை இருக்கு, அங்கேயும் ஹிஸ்ட்ரி கோப்பு உண்டு, முழு உரையாடல்கள் வருடம், மாதம், நாள் என்று அடுக்கியிருக்கும். எய்டர் உங்கள் புரொஜெக்ட் கோப்புறைக்குள்ளேயே எழுதும், அதைச் சாதாரண எழுத்துக் கோப்பாகத் திறந்து வாசிக்கலாம். கேர்சர் எஸ்கியூலைட் தரவுத்தளத்துக்குள் வைக்குது, அதைத் திறக்க ஒரு எஸ்கியூலைட் மென்பொருள் வேணும்.

(திரை: விஎஸ் கோட். இடது பக்கத்தில் தேடல் பலகை.)

கட்டளை எழுதிப் பழக்கமில்லாத தம்பி தங்கச்சிமாருக்கு நான் சொல்கிற வழி: அந்தக் கோப்புறையை விஎஸ் கோட்டில் திறவுங்கோ. கொன்ட்ரோல், ஷிப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கோ. சொல்லை ரைப் பண்ணுங்கோ. எல்லாக் கோப்பிலும் ஒரேயடியாகத் தேடும். டெர்மினலில் கை வருகிற ஆட்கள் கிரெப் பாவிக்கலாம். 1973இல் கென் தொம்சன் யுனிக்ஸுக்கு எழுதின கருவி, இன்றைக்கும் இந்த வேலைக்கு அது போதும்.

விண்டோஸ் பவர்ஷெல்லில் தேடுகிற ஆட்களுக்கு ஒன்று. கணினியோடு வருகிற பழைய 5.1 பதிப்பில் கெட் கொன்டென்ட் கட்டளையால் கோப்பைத் திறந்தால் தமிழ் முழுக்கக் குழம்பித் தெரியும். கோப்பு பழுதில்லை. என்கோடிங் யுடிஎஃப்8 என்று சேர்த்துக் கொடுங்கோ, எழுத்து வரும்.

(திரை: தேடல் முடிவுகள். நூற்றுக்கணக்கான வரிகள் ஓடுகின்றன.)

இப்ப முழு உரையாடலில் "ஈர" என்று தேடினால் இப்படித்தான் வந்து கொட்டும். ஏனென்றால் நீங்கள் ஒரு வசனம் எழுத, ஏஐ பத்துக் கோப்பைத் திறந்து வாசித்திருக்கும், திருத்தியிருக்கும், சோதித்திருக்கும். அத்தனையும் இதே கோப்பில் பதிவாகும். உங்கள் குரல் அதற்குள் ஒரு சிறு பங்கு.

"பயனர் எழுதினதை மட்டும் காட்டு" என்று வடிகட்டினால் போதாதோ என்று கேட்பீங்கள். ஒவ்வொரு வரியிலும் டைப் என்று ஒரு புலம் இருக்கு, அதில் யூசர் என்று இருக்கிறதை மட்டும் எடுக்கலாம்தானே? இங்கேதான் கனபேர் மாட்டுப்படுகிறது. ஏஐ ஒரு கோப்பை வாசித்தால், வாசித்த முடிவு திரும்ப ஏஐக்குப் போகிறதும் யூசர் என்ற பெயரில்தான். நீங்கள் எழுதாத ஆயிரம் வரி உங்கள் பெயரில் அங்கே கிடக்கும்.

பிரித்துப் பார்க்கிற வழி இருக்கு. நீங்கள் ரைப் பண்ணினது என்றால் உள்ளடக்கம் பெரும்பாலும் வெறும் எழுத்தாக இருக்கும். கருவியின் முடிவு என்றால் ஒரு பட்டியலாக, அதற்குள் டூல் ரிசல்ட் என்ற அடையாளத்தோடு இருக்கும். படம் சேர்த்து அனுப்பின புரொம்ப்டும் பட்டியலாகத்தான் வரும், ஆனால் அதற்குள் டெக்ஸ்ட் என்ற பகுதி இருக்கும்.

இதற்கு நீங்களே ஸ்கிரிப்ட் எழுதத் தேவையில்லை. ஏஐயிடமே கேளுங்கோ. நான் பாவிக்கிற புரொம்ப்டைத் திரையில் போடுகிறேன், நிறுத்தி எழுதிக்கொள்ளுங்கோ.

(திரை: "புரொஜெக்ட்ஸ் கோப்புறையில் இருக்கிற உரையாடல் கோப்புகளை வரி வரியாக வாசிக்கிற ஒரு பைதன் ஸ்கிரிப்ட் எழுது. நான் ரைப் பண்ணின எழுத்து மட்டும் வேணும். டூல் ரிசல்ட் வேண்டாம். துணை ஏஜென்டுக்குப் போன செய்திகளும் வேண்டாம். திகதி, புரொஜெக்ட், புரொம்ப்ட் என்று மூன்று நிரலாக சிஎஸ்வி கோப்பில் சேமி. எக்ஸெலில் தமிழ் சரியாகத் தெரியவேணும். நேரத்தை இலங்கை நேரத்துக்கு மாற்று. மூலக் கோப்பு ஒன்றையும் தொடாதே.")

கடைசி மூன்று வசனமும் காரணத்தோடுதான் இருக்கு. யுடிஎஃப்8 குறி இல்லாத சிஎஸ்வியை எக்ஸெலில் இரட்டைச் சொடுக்கித் திறந்தால் தமிழ் சிதறிவிடும். நேரம் கோப்புக்குள் உலக நேரத்தில் இருக்கு, நாங்கள் ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு. விடிய நாலு மணிக்கு எழுதினது முதல் நாள் திகதியில் நிற்கும். கடைசி வசனம் பாதுகாப்புக்கு.

சிஎஸ்வி கையில் வந்தால் பிறகு எக்ஸெலிலேயே வடிகட்டலாம். ஆலைக்காரரின் மகளுக்கே காட்டிக் கொடுக்கலாம், அவர் தேடி எடுப்பார்.

(திரை: பெரிய எழுத்தில் "கடன்", "கடனை", "கடனுக்கு".)

அடுத்தது தமிழில் தேடுகிற விசயம். இதைக் கொஞ்சம் ஆறுதலாகவே சொல்லப்போகிறேன், ஏனென்றால் ஆங்கிலத்தில் வருகிற வழிகாட்டிகளில் இது இருக்காது, எங்கள் ஆட்கள் "தேடினேன், இல்லை" என்று விடுகிறதுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

கமக்காரருக்கு ஆலை கொடுத்த முற்பணத்தைப் பற்றி ஏதோ எழுதியிருந்தீங்கள். "கடன்" என்று தேடுகிறீங்கள். வரவில்லை. நீங்கள் எழுதியிருந்தது "கடனை நெல்லில் கழி". கண்ணுக்கு "கடன்" அதற்குள் இருக்கிற மாதிரித்தான் தெரியும். கணினிக்கு இல்லை. "கடன்" என்பதில் கடைசியாக இருக்கிறது னகரமும் அதற்குப் பிறகு புள்ளியும். புள்ளி தனி எழுத்துக் குறியாகத்தான் பதியுது. "கடனை"யில் புள்ளி இல்லை, அந்த இடத்தில் ஐகாரக் குறி இருக்கு. ஆகவே புள்ளியை விட்டுவிட்டு "கடன" என்று தேடுங்கோ. கடன், கடனை, கடனுக்கு, கடனாளி எல்லாம் ஒன்றாக வரும்.

மகரத்தில் முடிகிற சொல் என்றால் இன்னும் ஓர் எழுத்தைக் குறையுங்கோ. ஈரம் வேற்றுமை ஏறும்போது ஈரத்தை, ஈரத்துக்கு என்று மாறும். அதனால்தான் தொடக்கத்திலிருந்தே "ஈர" என்று மட்டும் தேடிக்கொண்டிருக்கிறேன். நெல் என்றால் "நெ" போதும், நெற்செய்கை, நெல்லில் இரண்டும் அகப்படும்.

(திரை: "தொகை", "தொகை". ஒன்று நீலம், ஒன்று சிவப்பு.)

திரையில் இருக்கிற இரண்டு "தொகை"யும் ஒன்றுபோலத் தெரியுது. நீல நிறத்தில் இருக்கிறதில் ஒகரக் குறி ஒரே குறியாக இருக்கு. சிவப்பில் ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி. யுனிகோடில் இரண்டு விதமும் செல்லும், ஆனால் கிரெப் பைட்டைப் பைட்டோடு ஒப்பிடுகிறதால் ஒன்றைத் தேடினால் மற்றது வராது. பழைய எழுத்து மாற்றிகளால் மாற்றின பந்திகளில் இது வரும். ஸ்கிரிப்ட் எழுதுவிக்கும்போது "எழுத்தை என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிடு" என்று ஒரு வசனம் சேருங்கோ, இரண்டும் ஒன்றாகிவிடும். ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் போட்டு எழுதின "கௌரி" மட்டும் அப்படிச் சரிவராது, அதை எழுத்துப்பிழையாகவே தேடவேணும்.

பாமினி. எங்கள் பக்கத்தில் அலுவலகக் கடிதங்கள், கணக்கு விபரங்கள் எத்தனையோ இன்னும் பாமினி எழுத்துருவில் கிடக்குது. வேர்டில் தமிழாகத் தெரிகிற பந்தியைப் பிரதி எடுத்து ஏஐக்குள் ஒட்டினால், அங்கே போய் நிற்கிறது ஆங்கில எழுத்துகள். "நெல்" என்பது மூன்று ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக இருக்கும். தமிழில் எத்தனை தரம் தேடினாலும் வராது. பாமினியில் கை ஓடுகிற ஆட்கள், விசைப்பலகையை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு பாமினியில் அடிக்கிற மாதிரியே அடித்துத் தேடுங்கோ, வந்துவிடும். இனிமேல் ஒட்டுகிறதை யுனிகோடுக்கு மாற்றி ஒட்டுங்கோ.

ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிற பழக்கம் இருந்தால், ஒரே சொல்லை நீங்கள் எத்தனை விதமாக எழுதுவீங்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். அந்த விதங்களை நடுவில் நிமிர்ந்த கோடு போட்டு ஒரே தேடலில் கொடுக்கலாம், விஎஸ் கோட்டிலும் ரெகெக்ஸ் பொத்தானை அழுத்தினால் அது வேலை செய்யும். சொல் நினைவில்லை, ஆனால் எண் நினைவிருக்கு என்றால் எண்ணைத் தேடுங்கோ. 14, 86, புசல் கணக்கு, ஏக்கர் கணக்கு. எந்த எழுத்துருவில் எழுதினாலும் கிளோட் கோட்டின் பதிவில் எண் எண்ணாகவே இருக்கும்.

(திரை: நாட்காட்டி. மாசியில் ஒரு குறி, ஆவணியில் ஒரு குறி.)

இப்ப நான் ஆகக் கூடக் கவலைப்படுகிற இடத்துக்கு வருகிறேன்.

கிளோட் கோட்டில் உரையாடல் கோப்புகள் சும்மா விட்டால் 30 நாள்தான் இருக்கும். அதைவிடக் கூட நாள் தொடாமல் கிடந்ததைத் தானாக அழித்துவிடும். நாள்தோறும் ஒரே மென்பொருளில் வேலை செய்கிற நகரத்துக் கொம்பனிக்கு 30 நாள் காணும். வன்னியில் எங்கள் வேலை போகத்தோடு ஓடுகிற வேலை. ஆலைக் கணக்கைக் காலபோக அறுவடைக்குத் திறந்தால், அடுத்ததாகத் திறக்கிறது சிறுபோக அறுவடைக்கு. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் காணாமல் சிறுபோகம் சுருங்கினால் அந்த இடைவெளி ஒரு வருடமாகவும் போகும். குறைந்த வயது நெல்லே மூன்று மாதம் எடுக்குது. அதாவது விதைத்த நெல் கதிர் தள்ளுறதுக்கு முன்னமே உங்கள் முழு உரையாடல்கள் அழிந்துபோகும்.

(திரை: செட்டிங்ஸ் கோப்பு. ஒரு வரி சேர்க்கப்படுகிறது.)

திருத்துகிறது லேசு. அதே புள்ளிக் கோப்புறையில் செட்டிங்ஸ் என்ற கோப்பு இருக்கு. கிளீனப் பீரியட் டேஸ் என்ற பெயரில் ஒரு வரி சேர்த்து, 730 என்று போடுங்கோ. இரண்டு வருடம், நாலு போகம் தாங்கும். இதை இன்றைக்கே செய்யுங்கோ, வீடியோவை நிறுத்திவிட்டுச் செய்தாலும் பரவாயில்லை. ஏற்கெனவே அழிந்தது திரும்பி வராது.

போகம் முடிய ஒருக்கால் அந்த சிஎஸ்வியை எடுத்துப் பென் டிரைவில் வையுங்கோ. மின்னல் அடித்துக் கணினி போன வீடுகள் இந்தப் பக்கத்தில் எத்தனை இருக்கு என்று உங்களுக்கே தெரியும்.

(திரை: பூட்டு அடையாளம்.)

கூட நாள் வைத்திருக்கிறது என்றால் ஒரு பொறுப்பும் சேர்ந்து வருது. இந்தக் கோப்புகள் வெறும் எழுத்து. பூட்டு இல்லை, மறைப்பு இல்லை. பிழை திருத்துகிற அவசரத்தில் தரவுத்தளக் கடவுச்சொல்லை ஒட்டியிருப்பீங்கள். கமக்காரரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் இருக்கிற பட்டியலை மாதிரிக்கு என்று ஒட்டியிருப்பீங்கள். பயிற்சி நிலையத்துக் கணினியிலோ, நாலு பேர் ஒரே பயனர் பெயரில் பாவிக்கிற கணினியிலோ வேலை செய்தால், அடுத்ததாக வந்து இருக்கிறவர் நாங்கள் இன்று படித்த இதே தேடலைச் செய்து அவ்வளவையும் எடுக்கலாம்.

ஆகவே கடவுச்சொல் என்ற சொல்லையும் தேடிப் பாருங்கோ. எண்ணிக்கையைப் பார்த்து வியப்பீங்கள். அகப்பட்ட கடவுச்சொல்லை மாற்றுங்கோ, வரியை அழித்தால் மட்டும் காணாது. பொதுக் கணினியில் இருந்தால் வேலை முடிந்ததும் உங்கள் புரொஜெக்ட் கோப்புறையைப் பென் டிரைவுக்கு எடுத்துவிட்டு அங்கிருந்து அழியுங்கோ, ஹிஸ்ட்ரி கோப்பையும் பாருங்கோ. சிஎஸ்வியைக் கிட்ஹப்பில் போடவே வேண்டாம். எய்டர் பாவிக்கிற ஆட்களுக்கு இது இன்னும் கிட்ட, ஏனென்றால் அதன் பதிவு புரொஜெக்டுக்குள்ளேயே இருக்கு. கிட்டுக்குள் போகாமல் தடுக்கிற கிட் இக்னோர் கோப்பில் அதன் பெயர் இருக்கோ என்று பாருங்கோ. எங்களை நம்பித் தந்த ஆட்களின் விபரம் அது.

(திரை: மீண்டும் கோட் பக்கம். 86 இருக்கிற வரிக்கு மேலே கேர்சர் துடிக்கிறது.)

தேடி எடுத்த வசனத்தை இரண்டு இடத்தில் எழுதுங்கோ. ஒன்று, அந்தக் கோட் வரிக்கு மேலேயே ஒரு குறிப்பாக. இன்னொன்று, புரொஜெக்டின் கிளோட் டொட் எம்டி கோப்பில். ஏஐ ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அந்தக் கோப்பை வாசிக்கும். ஆகவே அடுத்த போகத்தில் நீங்கள் வேறு ஏதோ திருத்தச் சொல்லும்போது, 86ஐ 85 ஆக்கி "சீர்செய்தேன்" என்று வந்து நிற்கிற வாய்ப்புக் குறையும். கோடெக்ஸில் அதே வேலைக்கு ஏஜென்ட்ஸ் டொட் எம்டி.

(திரை: ரைப் ஆகிறது. "ஈரக் கழிவு 14 வீதத்துக்கு. சபையின் அளவு. உலர்ந்த நெல் மாறாது. ஆலை உரிமையாளர் சொன்னது, காலபோகம்.")

யார் சொன்னது, எந்தப் போகத்தில் சொன்னது என்பதையும் எழுதுங்கோ. அளவு மாறுகிற நாள் வந்தால் யாரைக் கேட்கவேணும் என்று அப்பதான் தெரியும். எழுதி முடிந்தால் ஆலைக்கு போன் எடுத்து, 820 கிலோ கணக்கை அண்ணைக்கு ஒருக்கால் சொல்லிக் காட்டுங்கோ. தராசடியில் நிற்கிற கமக்காரருக்கு அவர் அப்படியே சொல்லலாம்.